மெயிலு இறங்காத ஒன்பது நிமிடம்

ஜனவரி 5, வியாழன்

அலுவலகத்துக்கு வந்த புத்தாண்டு டைரிகளில் யாரும் சீண்டாத ஒன்று என் பங்குக்கு வந்தது. ஏழு மாடிக் கட்டடத்தில் லிஃப்ட் இயக்குகிறவனுக்கு டைரியில் எழுத என்ன இருக்கப்போகிறது என்றுதான் நினைத்தேன். இன்று இருக்கிறது.

காலையில் கஸ்தூரி என்னை நெஞ்சு நோய் மருத்துவரிடம் இழுத்துப்போனாள். கார்த்திகையில் தொடங்கிய இருமல் இன்னும் நிற்கவில்லை. மாடிப்படி ஏறினால் நெஞ்சுக்குள் விசில் கேட்கிறது. டாக்டரம்மாவுக்கு என் தங்கை வயதுகூட இருக்காது. ஒரு குழாயைக் கொடுத்து ஊதச் சொன்னார். முள் 270-இல் நின்றது. என் உயரத்துக்கும் வயதுக்கும் ஐந்நூறு இருக்க வேண்டுமாம். ஆஸ்துமா என்றார்.

"சிகரெட் உண்டா?"

நான் வாயைத் திறப்பதற்குள் கஸ்தூரி சொன்னாள். "அதெல்லாம் வுட்டு அஞ்சு வருஷம் ஆச்சு டாக்டர். எனக்கு கர்ப்பப்பை ஆபரேஷன் நடந்தப்போ என் தலைல கைய வச்சி சத்தியம் பண்ணாரு."

அப்படிப் பெருமையாகச் சொன்னாள். நான் பொய் சொல்லவில்லை. சும்மா இருந்தேன், அவ்வளவுதான்.

"அப்போ வீட்ல என்ன இருக்கு? நாய், பூனை, பறவை?"

"மொட்ட மாடில என் தம்பி புறா வளக்கறான். இருபத்திரெண்டு இருக்குது. இவரும் சாயங்காலம் ஆனா கூண்டாண்டயே கதின்னு கெடப்பாரு" என்றாள் கஸ்தூரி.

டாக்டரம்மா பேனாவை மூடினார். புறாவின் இறகுத் தூசியும் எச்சமும் சிலருக்கு ஆகாது, முதலில் அதை அப்புறப்படுத்துங்கள் என்றார். தினமும் இருவேளை ஊதி எழுத ஓர் அட்டை கொடுத்தார். பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்று பட்டை போட்டிருக்கிறது. கூடவே உறிஞ்சுகிற மருந்து, இருவேளையும்.

அட்டையில் எழுத முடியாததை இங்கே எழுதுகிறேன். டைரி லிஃப்ட் ஸ்டூலின் மெத்தைக்கு அடியில் இருக்கும், விடுமுறைக்கு முன் சாப்பாட்டுப் பையில் வீட்டுக்கு வரும்.

ஜனவரி 6, வெள்ளி

தேசிங்கிடம் கஸ்தூரியே சொன்னாள். அவன் அவளுடைய ஒரே தம்பி, டூவீலர் மெக்கானிக், முப்பத்துமூன்று வயது. வியாசர்பாடியில் அவனைப் புறாக்கார தேசிங்கு என்றால்தான் தெரியும். கல்யாணப் பேச்சு எடுத்தால், பெண் வீட்டாரிடம் முதலில் புறா பிடிக்குமா என்று கேட்கிற ஆள்.

அவள் சொன்னதைக் கேட்டுவிட்டு மாடிக்குப் போய்க் கூண்டைப் பார்த்துவிட்டு வந்தான். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டான்.

"மாமா, நெஜமாவே புறாவாலதான்றாங்களா?"

"டாக்டர் சொல்றாங்க."

"நீ இன்னா சொல்ற?"

"நா இன்னாத்த சொல்றது. படிச்சவங்க சொல்றாங்க."

"இருவத்திரெண்டாந் தேதி விஜயவாடா ரேஸு கீது. அத்தோட முடிச்சிக்கறேன்."

ராத்திரி சாப்பிட உட்கார்ந்தேன். கீரைக் கூட்டில் உப்பு இல்லை என்று கஸ்தூரியிடம் எரிந்து விழுந்தேன். உப்பு சரியாகத்தான் இருந்தது.

ஜனவரி 12, வியாழன்

காலை 280, மாலை 260.

எதற்காகப் புறாக்கூண்டின் பக்கத்தில் கிடப்பேன் என்று எழுதிவிடுகிறேன். புறா எச்சத்தின் நாற்றத்துக்கு முன்னால் வேறு எந்த நாற்றமும் நிற்காது. கூண்டுக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் நடுவே ஓர் ஆள் நிற்கிற இடம் இருக்கிறது. வேலை விட்டு வந்ததும் "புறாவுக்குத் தண்ணி வச்சிட்டு வரேன்" என்று போய் இரண்டு சிகரெட்டை முடித்துவிட்டு வருவேன். பிறகு ஒரு புதினா மிட்டாய். அந்தச் சத்தியத்தை நாற்பத்தொரு நாள் காப்பாற்றினேன் என்பதையும் எழுதத்தான் வேண்டும். அதற்கப்புறம் புறாக்கள்தான் என்னைக் காப்பாற்றி வந்தன. இப்போது அவற்றின் தலையிலேயே பழியைப் போட்டிருக்கிறேன்.

நாளையிலிருந்து விடுகிறேன்.

ஜனவரி 13, வெள்ளி

விடவில்லை. லிஃப்ட் பழுது. நாலாவது மாடிவரை நடந்து ஏறி, நடுவில் உட்கார்ந்துவிட்டேன். கணக்குப் பிரிவு அம்மா ஒருவர் என்னைத் தாண்டிப் போகும்போது, "லிஃப்ட்காரரே படியில உக்காந்துட்டீங்களே" என்று சிரித்தார். நானும் சிரித்தேன், சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

ஜனவரி 22, ஞாயிறு

இதை எழுத மனமில்லை. எழுதாமலும் இருக்க முடியவில்லை.

விஜயவாடாவில் காலை ஆறு மணிக்குப் பறவைகளைத் திறந்துவிட்டார்கள். தேசிங்கின் நம்பிக்கையெல்லாம் மெயிலு மேல்தான். சிலேட்டு நிறப் பெட்டை, நாலு வயது. மெயில் வண்டி மாதிரி நாக்பூரிலிருந்து ஒரே நாளில் வந்து சேர்ந்தபோது வைத்த பெயர் அது. கடைசி ரேஸ் என்பதால் நானும் மாடிக்கு வருவேன் என்று அடம்பிடித்தேன். கஸ்தூரி என் மூக்கிலும் வாயிலும் ஈரக் கைக்குட்டையைக் கட்டி அனுப்பினாள்.

பத்தரை மணியிலிருந்து அவன் வடக்குப் பக்கக் கைப்பிடிச் சுவரில் தானிய டப்பாவோடு நின்றான். புறா வந்து கூண்டுக்குள் இறங்க வேண்டும். அதன் காலிலிருக்கும் ரப்பர் வளையத்தைக் கழற்றிக் கடிகாரத்துக்குள் போட்டு நெம்புகோலை அழுத்தினால், உள்ளேயிருக்கும் காகிதச் சுருளில் நாளும் நேரமும் விழும். கடிகாரத்துக்குக் கிளப்பில் ஈய முத்திரை வைத்திருப்பார்கள். வானத்தில் புறா வந்தால் போதாது, வளையம் பெட்டிக்குள் விழுந்தால்தான் வந்ததாகக் கணக்கு.

எனக்குக் காலையிலிருந்து ஒன்றுகூட இல்லை. வீட்டில் ஆள்கள். அவன் பேசுவது காதில் ஏறவில்லை. கூண்டுக்குப் பின்னால் போய், கைக்குட்டையை இறக்கிவிட்டு, ஒன்று பற்றவைத்தேன்.

"மாமா! தோ வருது பாரு! மெயிலு!"

பார்த்தேன். ஒரு வட்டம் அடித்தது, இரண்டாவது வட்டம் அடித்தது. கூண்டுக்கு மேலே வந்து விருட்டென்று விலகி, எதிர் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் போய் உட்கார்ந்தது. தேசிங்கு டப்பாவைக் குலுக்கினான், விசில் அடித்தான், கெஞ்சினான். "வாம்மா, வா கண்ணு, இன்னா ஆச்சு உனக்கு?" நான் சிகரெட்டைத் தரையில் தேய்த்து வடிகால் குழிக்குள் தள்ளிவிட்டு, கைக்குட்டையை ஏற்றிக்கொண்டு, அவன் பக்கத்தில் வந்து நானும் விசில் அடித்தேன்.

ஒன்பது நிமிடம் கழித்து இறங்கியது. நாலு நிமிடத்தில் முதலிடம் போய்விட்டது.

"அது வந்த நேரத்த நம்ம கண்ணால பாத்தோமே, அதயே சொல்லிக்கலாமே" என்று நான் வாய் கூசாமல் சொன்னேன்.

அவன் என்னைப் பார்த்த பார்வை வேறாக இருந்தது. "கடிகாரத்துல இன்னா வுழுந்துதோ அதான் மாமா" என்றான்.

ஜனவரி 29, ஞாயிறு

புறாக்கள் போய்விட்டன. பொன்னேரியில் தேசிங்கின் கூட்டாளி ஒருவர் எடுத்துக்கொள்கிறார். பழகிய புறாவை வெளியே விட்டால் பழைய வீட்டுக்கே திரும்பிவிடும் என்பதால், அங்கே காலம் முழுக்க அடைத்துத்தான் வைக்க வேண்டுமாம். பறக்கவே விட மாட்டார்கள். குஞ்சு பொரிக்க மட்டும்.

மூன்று கூடைகளையும், கடன் வாங்கிய ஒரு சுமை ஆட்டோவில் ஏற்றினான். வண்டி கிளம்ப அரை மணி நேரம் ஆனது. ஏதோ கோளாறு என்றான். இறங்குவான், எதையாவது திருகுவான், என்னைப் பார்ப்பான், மறுபடி ஏறி உட்காருவான். ஊர் வண்டியையெல்லாம் சரி பண்ணுகிறவனுக்கு இது ஒரு தலைகுனிவுதான் என்று நான் கேலிகூடச் செய்தேன். கஸ்தூரி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

மாடியைப் பினாயில் ஊற்றிக் கழுவினோம். இப்போது மாடிக்குப் போக எனக்கு ஒரு காரணமும் இல்லை.

பிப்ரவரி 1, புதன்

துணி காயப்போடுவது இனி என் வேலை என்று சொல்லிவிட்டேன். கஸ்தூரிக்குக் கண் கலங்கிவிட்டது. "உடம்பு முடியாதப்பகூட எனக்கு ஒத்தாச பண்றாரு" என்று எதிர் வீட்டில் சொல்லியிருக்கிறாள்.

காலை 260. அட்டையில் 320 என்று எழுதினேன். புறா போயும் முள் ஏறாவிட்டால் தேசிங்கு என்ன நினைப்பான்?

பிப்ரவரி 7, செவ்வாய்

காலை 250. எழுதியது 360.

தேசிங்கு தினமும் சாப்பிட உட்காருமுன் அட்டையை எடுத்துப் பார்க்கிறான். பார்த்துவிட்டு இருந்த இடத்திலேயே வைத்துவிடுகிறான்.

பிப்ரவரி 9, வியாழன்

துவைத்த துணியில் நாற்றம் இருக்கிறதா என்று நானே முகர்ந்து பார்த்தேன். எனக்குத் தெரியவில்லை. எனக்கு எந்த வாசனையும் தெரிந்து நாளாகிவிட்டது.

பிப்ரவரி 16, வியாழன்

டாக்டரம்மா அட்டையைப் பார்த்துச் சந்தோஷப்பட்டார். 270-இல் தொடங்கி 430 வரை அழகாக ஏற்றிக்கொண்டு போயிருந்தேன், நடுவில் நம்பும்படியாக இரண்டு நாள் இறக்கமும் வைத்திருந்தேன். அங்கேயும் ஒரு தடவை ஊதச் சொன்னார். 290 வந்தது. "காலைல மருந்து எடுக்காம வந்துட்டேன் டாக்டர், பஸ்ல வேற நல்ல கூட்டம்" என்றேன். எப்படித்தான் வாயில் வருகிறதோ.

கொஞ்சம் யோசித்துவிட்டு, அட்டையை நம்பினார். மருந்தை ஒருவேளையாகக் குறைத்துவிட்டார்.

"பாத்தீங்களா, புறா போனதும் எப்படி இருக்கு" என்றார் என்னிடம். கஸ்தூரி கையெடுத்துக் கும்பிட்டாள்.

வரும் வழியில் தேசிங்குக்குப் போன் செய்து சொன்னாள். அந்தப் பக்கம் அவன் என்ன சொன்னான் என்று கேட்டேன். "சரிக்கான்னான், வச்சிட்டான்" என்றாள்.

பிப்ரவரி 22, புதன்

220.

எழுதியது 440.

பிப்ரவரி 25, சனி

பல் தேய்ப்பதற்கு முன் ஒன்று. பால் வாங்கப் போகும்போது ஒன்று. அலுவலகத்தில் ஐந்து. துணியோடு இரண்டு. கணக்காக எழுதிப் பார்த்தால் என் மேல் எனக்கே அருவருப்பாக இருக்கிறது. சிகரெட் பற்றவைத்தால் மூச்சு முட்டுகிறது, பற்றவைக்காவிட்டால் மண்டை வெடிக்கிறது. இழுத்து முடித்த கையோடு சட்டைப் பையிலிருந்து மருந்தை எடுத்து உறிஞ்சுகிறேன். இதைவிடக் கேவலம் ஒன்று உண்டா?

மார்ச் 2, வியாழன்

நாலு நாள் எழுதவில்லை. ஆஸ்பத்திரியில் இருந்தேன். டைரியை அலுவலகத்தில் வைக்காமல் சனிக்கிழமை வீட்டுக்கு எடுத்துவந்தது ஏதோ நல்ல காலம்.

ஞாயிறு காலை பதினொரு மணிக்குத் துணி வாளியோடு மாடிக்குப் போனேன். படி ஏறும்போதே விசில் சத்தம் பெரிதாக இருந்தது. கஸ்தூரியின் புடவையைக் கொடியில் போட்டேன். காலிக் கூண்டின் பின்னால் நின்று பற்றவைத்தேன். மூன்றாவது இழுப்பில் நெஞ்சு அடைத்துக்கொண்டது. காற்று உள்ளே போகிறது, வெளியே வர மறுக்கிறது. மருந்துக் குழாய் கீழே சட்டையில் இருந்தது. கூப்பிடக் குரல் வரவில்லை. தண்ணீர்த் தொட்டியைப் பிடித்தபடி உட்கார்ந்துவிட்டேன்.

அப்போது எதிரே கைப்பிடிச் சுவரில் ஒரு புறா. சிலேட்டு நிறம். தலையைச் சாய்த்து என்னைப் பார்த்தது. இறங்கவில்லை. எனக்குச் சாவு நெருங்கிவிட்டது, அதனால்தான் இதெல்லாம் கண்ணில் தெரிகிறது என்று நினைத்தேன்.

அடுத்த நிமிடம் படியில் தடதடவென்று கால் சத்தம். பொன்னேரிக்காரர் தேசிங்கின் மெக்கானிக் கடைக்குப் போன் செய்திருக்கிறார், மெயிலு தப்பிவிட்டது, உன் வீட்டுக்குத்தான் வரும், போய்ப் பார் என்று. தேசிங்கு புறாவைப் பார்க்க ஓடிவந்தான். என்னைப் பார்த்தான். என் விரலுக்கு நடுவில் சிகரெட் இன்னும் எரிந்துகொண்டிருந்தது. அதைக் கீழே போடக்கூட எனக்குத் தெம்பில்லை. அவன்தான் பிடுங்கிப் போட்டான்.

முதுகில் தூக்கி இரண்டு மாடி இறக்கினான். ஆட்டோவில் அவன் தோளில் சாய்ந்திருந்தது நினைவிருக்கிறது. அவன் சட்டையெல்லாம் கிரீஸ்.

மார்ச் 3, வெள்ளி

ஆஸ்பத்திரியில் நடந்ததையும் எழுதிவிடுகிறேன்.

டாக்டரம்மா பழைய அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு கட்டில் ஓரம் நின்றார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருக்கலாம்.

"இந்த நம்பரை நம்பித்தான் நான் மருந்தைக் குறைச்சேன். அன்னிக்கு நீங்க ஊதினதை விட்டுட்டு இதை நம்பினது என் தப்பு. இதுல எத்தனை உண்மை?"

"புறா போறவரைக்கும் எழுதுனது மட்டும்."

"தூங்கி எழுந்தா எவ்வளவு நேரத்துல முதல் சிகரெட்?"

கஸ்தூரி தலைமாட்டில் நின்றிருந்தாள். நான் அவளைப் பார்க்காமல் சொன்னேன். "அஞ்சு நிமிஷம்."

அப்படியென்றால் இது கெட்ட பழக்கம் மட்டுமல்ல, உடம்பே அதற்கு அடிமையாகிவிட்டது, அதற்கும் மருந்து உண்டு என்றார். ஆஸ்துமாவோடு புகைத்தால் உறிஞ்சுகிற மருந்துகூடச் சரியாக வேலை செய்யாதாம். புறாவுக்கென்று எடுத்த ரத்தப் பரிசோதனையில் ஒன்றுமில்லை. மூடிய கூண்டு வைத்து, நான் அதன் பக்கம் போகாமல், வேறு ஆள் சுத்தம் செய்தால் பார்க்கலாம், ஆனால் முதலில் சிகரெட் நிற்க வேண்டும் என்றார்.

அவர் போனதும் கஸ்தூரி ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"அப்போ டெய்லி காலைல பால் வாங்கப் போனது?"

நான் போர்வையை இழுத்துக்கொண்டேன்.

"அஞ்சு வருஷமா தெருவே சொல்லும்ங்க. உன் வூட்டுக்காரரு மாரி யாரு பொண்டாட்டிய தூங்க வுட்டுட்டு பால் வாங்கியாருவாங்கன்னு. நானும் சிரிச்சினு கேட்டுனு இருந்தேன்."

அழவில்லை. பழத்தை உரித்துக் கையில் கொடுத்தாள். அதைத் தின்றேன். அந்த நேரம் செத்திருக்கலாம் என்று தோன்றியது.

மார்ச் 5, ஞாயிறு

காலை 240. அட்டையிலும் 240. சிவப்புப் பட்டை.

மெயிலு போகவில்லை. காலிக் கூண்டின் மேல் உட்கார்ந்திருக்கிறது. பொன்னேரிக்காரர், தானாக வந்தது இனி உன்னுடையதுதான் என்று சொல்லிவிட்டாராம்.

தேசிங்கிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று மூன்று நாளாக மென்று விழுங்கிக்கொண்டிருந்தேன். இன்று அவன் வண்டி துடைத்துக்கொண்டிருந்தபோது போய் நின்றேன்.

"தேசிங்கு, அந்த ரேஸ் அன்னிக்கி..."

"தெரியும் மாமா."

"இன்னா தெரியும்?"

"மெயிலு ஏன் எறங்கலன்னு. பொகையப் பாத்தா அது எறங்காது. பொங்கலுக்கு முன்னாடி மழைத்தண்ணி அடச்சிக்கிச்சேன்னு வடிகால நோண்டனேன். கைப்புடி கைப்புடியா சிகரெட்டு துண்டு வந்துச்சி."

"அப்போ தெரிஞ்சிதான் புறாவக் குடுத்தியா?"

"நா சொன்னா அக்கா உன்ன திரும்ப நம்பாது. நீயே சொல்லணும்னு பாத்தேன். வண்டி ஸ்டார்ட் ஆவலன்னு அர மணி நேரம் நின்னேனே, வண்டிக்கு இன்னா கேடு? எறங்கி எறங்கி உன் மூஞ்சியத்தான் பாத்தேன். நீ கேலி பண்ணிக்கினு நின்ன."

துணியை உதறி வண்டி மேல் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டான்.

இதற்கு மேல் இன்று எழுத முடியாது.

மார்ச் 6, திங்கள்

சாயங்காலம் தேசிங்கு தன் பழைய ரேஸ் கடிகாரத்தைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தான். மரப்பெட்டி, பித்தளைக் கைப்பிடி, புதிதாக ஈய முத்திரை.

"பத்த வச்சா ஒரு வாட்டி அமுக்கு. வர்ற ஞாயித்துக்கெயம அக்கா முன்னாடி தொறப்போம்."

"அமுக்காம வுட்டுட்டா?"

"அது உன் பாடு."

மார்ச் 8, புதன்

டாக்டரம்மா கொடுத்த நிகோட்டின் சூயிங்கம் மெல்லுகிறேன். மிளகாயைக் கடித்தது போல் இருக்கிறது. கடிகாரத்தை வயர் கூடையில் வைத்துப் பேருந்தில் கொண்டுபோகிறேன். பக்கத்து இருக்கைக்காரர் அதன் டிக் டிக் சத்தம் கேட்டு எழுந்து பின்னால் போய்விட்டார். லிஃப்டில் ஸ்டூலுக்குக் கீழே இருக்கிறது. மூன்றாம் மாடி அதிகாரி என்ன என்று கேட்டதற்கு, நான் சிகரெட் விடுகிறேன் சார், அதன் கணக்கு என்று சொல்லிவிட்டேன். ஒருவரிடம் உண்மையைச் சொல்வது இவ்வளவு எளிதா என்று ஆச்சரியமாக இருந்தது.

திங்கள் இரண்டு. நேற்று ஒன்று. இன்று இதுவரை இல்லை.

மார்ச் 9, வியாழன்

எரிச்சல். ஆறாம் மாடி என்று சொன்னவரை ஏழில் கொண்டுபோய் இறக்கினேன். மத்தியானம் பெட்டிக்கடைக்குப் போனேன். கடிகாரம் லிஃப்டிலேயே இருந்தது.

மார்ச் 12, ஞாயிறு

காலை 310. அட்டையில் 310.

பத்து மணிக்குத் தேசிங்கு முத்திரையை உடைத்தான். காகிதச் சுருளை உருவிக் கஸ்தூரியிடம் கொடுத்தான். அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு நேரமாகப் படித்தாள். பத்து நாளாக அவள் என்னிடம் தேவைக்குத்தான் பேசுகிறாள். பாலுக்கும் அவளேதான் போகிறாள்.

"திங்கக்கெயம ரெண்டு. செவ்வா ஒண்ணு. வெள்ளி ஒண்ணு. நாலு" என்றாள். தம்பியைப் பார்த்தாள். "ஒரு நாளைக்கே ஒன்பதுன்னு டாக்டராண்ட சொன்னாரு. இப்போ ஒரு வாரத்துக்கே நாலு!" அவள் முகத்தில் லேசாகச் சிரிப்பு வரப் பார்த்தது. அந்தச் சிரிப்பைப் பார்த்து எத்தனை நாளாகிறது. நான் சும்மா இருந்தால் போதும், அது முழுதாக வந்துவிடும். சும்மா இருப்பது எனக்கு நன்றாகத் தெரிந்த வேலை.

தேசிங்கு காகிதத்தைப் பார்க்கவில்லை. அன்று ஆட்டோவில் உட்கார்ந்து பார்த்தது போல என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அஞ்சு" என்றேன். "வியாழன் மத்தியானம் ஒண்ணு. ஒரு மணி இருக்கும். அமுக்கல."

கஸ்தூரியின் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. பிறகு அவள் எழுந்து போய், காலண்டரில் கட்டியிருந்த பேனாவை எடுத்துவந்து, சுருளில் செவ்வாய்க்கும் வெள்ளிக்கும் நடுவில் 'வியாழன் 1 மணி' என்று எழுதினாள். எழுதிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். ஆஸ்பத்திரிக்குப் பிறகு அவள் என்னை நேராகப் பார்த்தது இதுதான் முதல் தடவை.

"டீ போடட்டுமா?" என்றாள்.

தேசிங்கு கூண்டுச் சாவியைத் தேடி எடுத்துக்கொண்டான். பொன்னேரிக்குப் போய்ப் பாதிப் புறாக்களையாவது கேட்டு வாங்கி வருகிறேன், மாமா கூண்டு பக்கம் வராமல் பார்த்துக்கொள்ள வேண்டியது உன் பொறுப்பு என்று அக்காவிடம் சொன்னான். வாசலில் அதே கடன் வாங்கிய சுமை ஆட்டோ நின்றது. நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வண்டி முதல் இழுப்பிலேயே கிளம்பியது.